எழுதிய தேதி வேறு, போய்ச் சேர்ந்த தேதி வேறு: ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் இணையதளம், ஒரு மெய்ப்புத் திருத்துநரின் மதிப்புரை

இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்று கேட்கிறார் என் மருமகன். தாராளமாகச் சொல்லலாம். அமெரிக்க மக்களின் வரிப்பணமும் உதவி நடக்கிற தளம் அது. எனக்கு இலவசம், அவர்களுக்கு அல்ல. அதோடு, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவளுக்கு எதையும் குறை காணாமல் படிக்கத் தெரியாது. ஆனால் பாராட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய கடிதங்களைப் படிக்கப் பிடிக்குமா, ஓரளவு ஆங்கிலம் வாசிப்பீர்களா, இந்தத் தளத்தை விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து 2013-ஆம் ஆண்டு இதைத் தொடங்கின. அமெரிக்க நாட்டை நிறுவியவர்கள் என்று சொல்லப்படும் வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன், மேடிசன் ஆகியோரின் கடிதங்களும் பிற எழுத்துகளும், பின்னால் சேர்க்கப்பட்ட ஜான் ஜேயின் தாள்களும் இங்கே இருக்கின்றன. மொத்தம் 1,85,000 ஆவணங்களுக்கு மேல். இவை எல்லாம் ஏற்கெனவே பெரிய பெரிய தொகுதிகளாக அச்சில் வந்துகொண்டிருந்தவைதான். ஜெஃபர்சனின் முதல் தொகுதியைப் பிரின்ஸ்டன் 1950-இல் வெளியிட்டது. அந்த வரிசை இன்னும் முடியவில்லை. ஹாமில்டனோ 27 தொகுதிகளில் 1987-இல் முடிந்துவிட்டார். சின்ன வயதில் இறந்ததில் பதிப்பாசிரியர்களுக்கு அந்த ஒரு வசதி.

கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், விளம்பரம் கிடையாது. எழுதியவர், பெற்றவர், காலப்பகுதி என்று தேர்ந்தெடுத்துத் தேடலாம். எழுதியவர் இடத்தில் அபிகெயில் ஆடம்ஸ், பெற்றவர் இடத்தில் ஜான் ஆடம்ஸ் என்று வைத்துத் தேடிப் பாருங்கள். மற்றவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தளத்தில் எனக்குப் பிடித்த பகுதி இந்தக் கணவன் மனைவி இருவருடையதுதான். கணவரைவிட மனைவிதான் நன்றாக எழுதுகிறார் என்பது என் முடிவு.

ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் போர் நடக்கும் காலம். அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகள் கூடும் காங்கிரஸ் என்ற அவைக்காக ஜான் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறார். அபிகெயில் மாசசூசெட்ஸில் பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் நான்கு குழந்தைகளோடும் பண்ணையோடும். 1776 மார்ச் 31 தேதியிட்ட கடிதத்தில், புதிய சட்டங்களை எழுதும்போது பெண்களை நினைவில் வையுங்கள் என்று அவர் எழுதியது எல்லோருக்கும் தெரிந்த வரி. ஏப்ரல் 14 அன்று ஜான் அனுப்பிய பதிலைப் படித்தவர்கள் குறைவு: சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்று எழுதுகிறார் அந்த மனிதர். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது வருகிற எரிச்சல் மேற்கோள் புத்தகத்தில் வராது.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஊசி, தேயிலை பற்றிய கடிதங்களை. 1775 ஜூனில் குண்டூசிக்குப் பஞ்சம். ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது இப்போது இருபது ஷில்லிங், அந்த விலைக்கும் கிடைக்கவில்லை, வரும்போது ஒரு கட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதுகிறார் அபிகெயில். நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கப் போனவருக்கு வீட்டிலிருந்து போன சாமான் பட்டியல். அடுத்த இரண்டு நாளில், ஜூன் 18 அன்று, பங்கர் ஹில் சண்டையில் நண்பர் டாக்டர் வாரன் இறந்துவிட்டார் என்ற கடிதம் அதே கையெழுத்தில் போகிறது.

தேயிலைக் கதை 1776-இல் நடந்தது. அம்மை குத்திக்கொள்ள அபிகெயில் குழந்தைகளோடு பாஸ்டனில் தங்கியிருந்தார். ஜானைப் போலவே காங்கிரஸ் உறுப்பினரான சாமுவேல் ஆடம்ஸின் மனைவியைப் பார்க்கப் போன இடத்தில் அருமையான பச்சைத் தேநீர் கொடுக்கிறார்கள். இந்தத் தட்டுப்பாட்டில் எங்கே கிடைத்தது என்று கேட்டால், என் அன்புக் கணவர் கெரி என்பவர் மூலம் அனுப்பினார் என்கிறாள் அந்த அம்மாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு வந்திருக்கும் நோயை நினைத்தாவது என் கணவருக்கும் அப்படிப்பட்ட மனம் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன் என்று எழுதுகிறார் அபிகெயில். உண்மையில் அந்தத் தேயிலை டப்பாவை அனுப்பியவரே ஜான்தான்! கெரி வீடு மாறிக் கொடுத்துவிட்டார். ஒரு சீட்டு எழுதி அனுப்பு, டப்பா உனக்கு வந்தது என்று சொல், பணம் என் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்கிறார் ஜான். தன் கணவர் வாங்கிய தேயிலையை அடுத்த வீட்டில் விருந்தாளியாகக் குடித்துவிட்டு வந்திருக்கிறார் பாவம்.

இந்த இடத்தில்தான் தளத்தின் அமைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதங்கள் எழுதப்பட்ட தேதி வரிசையில் நிற்கின்றன. பதிப்பு முறைப்படி அது சரி. ஆனால் வரிசையாக அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது போன்ற ஒரு மயக்கம் வந்துவிடும். பிரெய்ன்ட்ரீக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் இடையே கடிதம் போக நாள் கணக்கில் ஆகும். நல்ல ஆள் கிடைக்காவிட்டால் வாரக் கணக்கில். ஜான் ஐரோப்பா போன பிறகு மாதக் கணக்கு. கப்பலை எதிரி பிடிக்க வந்தால் கொண்டு போகிறவர்களே கடிதக் கட்டைக் கடலில் எறிந்துவிடுவார்கள்.

1777 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அபிகெயில் நிறைமாத கர்ப்பிணி. ஜூலை 9 அன்று, திடீரென்று உடல் நடுங்கியது, வயிற்றில் இருக்கும் குழந்தை உயிரோடு இல்லையோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதுகிறார். 10-ஆம் தேதி இரவு, வலி தொடங்கிவிட்ட நிலையிலும் பேனாவை எடுக்கிறார். அதே 10-ஆம் தேதி ஜானும் ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்து, உன்னை நினைத்து மனம் கலங்குகிறது, பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று எழுதிக்கொண்டிருக்கிறார். பெண் குழந்தை இறந்தே பிறந்தது. எலிசபெத் என்று பெயர். 16-ஆம் தேதி அபிகெயில் கணவருக்குச் செய்தி எழுதுகிறார். ஜானின் துக்கக் கடிதம் ஜூலை 28 தேதியிட்டது. இடையில் இருக்கும் ஜானின் கடிதங்கள் எல்லாம் எதுவும் தெரியாத ஒரு மனிதர் எழுதியவை. திரையில் அவை இறந்த செய்திக்குப் பின்னால் நிற்கின்றன. வேகமாகப் படிப்பவருக்கு ஜான் கல்நெஞ்சர் போலத் தெரிவார். பிரெய்ன்ட்ரீயில் அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்தவள் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இதற்குத் தளத்திலேயே ஒரு மருந்து இருக்கிறது: அடிக்குறிப்புகள். எந்தக் கடிதத்துக்கு எது பதில், யார் எடுத்துச் சென்றார்கள், உறையில் என்ன எழுதியிருந்தது என்று பதிப்பாசிரியர்கள் சொல்லிவிடுகிறார்கள். இந்த அடிக்குறிப்புகளைப் பற்றி எனக்கு உண்மையான மரியாதை உண்டு. 1775-இல் ஜான் எழுதிய இரண்டு கடிதங்களைக் கொண்டு போன இளைஞரை ஆங்கிலேயர் பிடித்து, கடிதங்களைப் பாஸ்டன் செய்தித்தாளில் அச்சிட்டே விட்டார்கள். சக உறுப்பினர் டிக்கின்சனைப் பெரும் பணமும் அற்ப அறிவும் உள்ளவர் என்று ஜான் கேலி செய்தது ஊருக்கே தெரிந்துபோனது. இந்தக் கதையை அறிந்த பிறகுதான், அபிகெயில் ஏன் என் கடிதங்களை எரித்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறார் என்பது புரியும். அப்படியென்றால் உன்னை முதலில் மறக்க வேண்டும் என்று 1776 ஏப்ரலில் ஜான் பதில் எழுதினார். நல்ல பதில்தான். சிரித்ததற்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் எல்லா ஆவணத்துக்கும் இந்த மருந்து இல்லை. இன்னும் அச்சுத் தொகுதியில் வராத ஆயிரக்கணக்கான கடிதங்களை முன்கூட்டியே ஏற்றியிருக்கிறார்கள். இது இறுதி வடிவம் அல்ல என்ற எச்சரிக்கை அவற்றில் உண்டு. அடிக்குறிப்பு கிடையாது. யார் யார் என்று தெரியாமல் பாதி வழியில் நிற்போம். ஆயினும் ஏற்றாமல் பூட்டி வைப்பதைவிட இது மேல். மெய்ப்புப் பார்க்காத படியை வாசகரிடம் கொடுப்பதா என்று என் பழைய முதலாளி துடித்திருப்பார்; எச்சரிக்கையோடு கொடுப்பது நேர்மை என்று நான் சொல்வேன்.

எனக்குப் பெரிய குறை வேறு. இங்கே கையெழுத்துப் படங்கள் இல்லை, அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்த வாசகம் மட்டுமே. மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு மூலப்படி இல்லாமல் கை ஓடுமா? ஆடம்ஸ் தம்பதியரின் கடிதங்களுக்கு மட்டும் வழி இருக்கிறது. மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தின் தளத்தில், 1762 முதல் 1801 வரை இருவரும் எழுதிக்கொண்ட 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்களைப் படத்தோடு பார்க்கலாம். அதுவும் இலவசம். இரண்டு தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அடித்தல், திருத்தல், ஓரத்தில் நெருக்கி எழுதிய கடைசி வரிகள் எல்லாம் கண்ணில் படும்.

ஜெஃபர்சன் விஷயத்தில் எனக்குச் சற்று வம்பு. 1783 நவம்பர் 28 அன்று பதினோரு வயது மகள் பாட்சிக்கு ஒரு கால அட்டவணை எழுதி அனுப்பினார்: 8 மணி முதல் 10 வரை இசை, 10 முதல் 1 வரை ஒரு நாள் நடனம், மறுநாள் ஓவியம், 3 முதல் 4 வரை பிரெஞ்சு, 5 முதல் படுக்கும்வரை ஆங்கிலம். தாயை இழந்து ஓராண்டுதான் ஆன பெண்! அதோடு, ஒரு சொல்லையும் பிழையாக எழுதாதே, சந்தேகம் வந்தால் அகராதியைப் பார் என்கிறார். தொழில்முறையில் நான் கைதட்ட வேண்டிய அறிவுரை. ஆனால் அவர் கடிதங்களில் வாக்கியங்கள் சிறிய எழுத்தில் தொடங்குகின்றன. ‘ரிசீவ்’ என்ற எளிய சொல்லில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிப் போடுகிறார். முதுமைக் காலத் தொகுதிகளின் பதிப்பாசிரியர்கள் அவற்றைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அவர்களை அணைத்துக்கொள்ளலாம்.

இளைய மகள் பாலி தந்தையிடம் போக அட்லாண்டிக்கைக் கடந்து 1787 ஜூனில் லண்டன் வந்து இறங்குகிறாள். ஒன்பது வயதுகூட ஆகவில்லை. அங்கே ஜான் தூதர். குழந்தையை அபிகெயில் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார். ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து தானே வராமல் வேலைக்காரர் ஒருவரை அனுப்புகிறார். வர்ஜீனியாவில் இருந்த எல்லோரையும் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தேன், அப்பா இங்கே வந்து அழைத்துப் போகக் கூடாதா, பேச்சுப் புரியாத ஓர் ஆளை அனுப்பியிருக்கிறாரே என்று குழந்தை கேட்டதை, அவள் சொன்ன சொற்களிலேயே எழுதுகிறேன் என்று சொல்லி அபிகெயில் அனுப்புகிறார். வசவைக் குழந்தையின் வாயில் வைத்துக் கொடுக்கிற சாமர்த்தியம்.

இதே கடிதங்களில் பாலியோடு வந்த ஒரு பெண்ணைப் பற்றியும் இருக்கிறது. அவளே ஒரு குழந்தை, இவளால் உபயோகம் இருக்காது, திருப்பி அனுப்பிவிடலாம் என்பது கப்பல் தலைவரின் எண்ணம் என்று எழுதுகிறார் அபிகெயில். பெயர் சொல்லவில்லை. அவள்தான் சாலி ஹெமிங்ஸ், ஜெஃபர்சனின் அடிமை. பின்னாளில் அவர் பிள்ளைகளுக்குத் தாய். இத்தனை ஆவணங்களில் சாலி எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை.

அடிமைகளின் குரல் இங்கே அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 1818 நவம்பர் 15 அன்று, ஜெஃபர்சனின் பாப்லர் ஃபாரஸ்ட் பண்ணையிலிருந்து ஹன்னா என்ற அடிமைப் பெண்ணின் கடிதம் ஒன்று அவருக்குப் போயிருக்கிறது: உங்கள் வீடும் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன, உடம்புக்கு முடியாமல் வர இயலவில்லை என்று கேட்டு வருந்தினேன், உங்களைப் பிழைக்க வைத்தது கடவுள், வேறு யாரும் இல்லை என்று. அதைத் தேடிப் படியுங்கள். முதலாளிக்கு வேத உபதேசம் செய்கிற அந்தத் துணிச்சலான தொனி, தளத்திலுள்ள எத்தனையோ அமைச்சர்களின் அறிக்கைகளில் கிடையாது.

மனைவிமார் பக்கமும் பெரும்பாலும் வெறுமைதான். மார்த்தா வாஷிங்டன் கணவரின் கடிதங்களை எரித்துவிட்டார். தப்பியவற்றில் ஒன்று, தளபதியாக நியமிக்கப்பட்ட செய்தியை வாஷிங்டன் அவருக்குச் சொல்லும் 1775 ஜூன் 18 தேதிக் கடிதம். அது ஒரு மேசை இழுப்பறைக்குள் அகப்பட்டுக் கிடந்து பிழைத்தது. ஜெஃபர்சனும் மனைவியின் கடிதங்களை மிச்சம் வைக்கவில்லை. ஹாமில்டன் 1804 ஜூலையில் துப்பாக்கிச் சண்டைக்குப் போகும் முன் எலைசாவுக்கு எழுதி வைத்த கடிதங்கள் இருக்கின்றன; எலைசா அவருக்கு எழுதியவை இல்லை. ஒரு பக்கம் மட்டுமே கேட்கும் தொலைபேசிப் பேச்சு போலத்தான் அவற்றைப் படிக்க வேண்டும். தளத்தின் குற்றமல்ல.

தேடல் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கால எழுத்துக்கூட்டல் இக்காலத்ததல்ல. இன்றைய முறையில் மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். நம் ஊர்ப் பக்கம் ஏதாவது அகப்படுகிறதா என்று ஹைதர் அலியைத் தேடினால் அவர் பெயரையே பல விதமாக எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலேயரை இரண்டாம் மைசூர்ப் போரில் அவர் திணறடித்த செய்தி அமெரிக்கர்களுக்குத் தித்திப்பாக இருந்திருக்கும் போல. 1782-இல் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

யார் யாருக்கு எதைச் சிபாரிசு செய்வேன்? சிரிக்க விரும்புகிறவர்களுக்கு 1812 ஜனவரி. அரசியலில் எதிரிகளாகிப் பல ஆண்டுகள் பேசாமல் இருந்த ஆடம்ஸும் ஜெஃபர்சனும், இருவருக்கும் நண்பரான டாக்டர் ரஷ் செய்த சமாதானத்தால் மீண்டும் எழுதத் தொடங்கிய மாதம். உங்களுக்குக் கைத்தறித் துணி இரண்டு துண்டு அனுப்புகிறேன் என்று ஜனவரி 1 அன்று ஆடம்ஸ் குறும்பாக எழுதினார். அனுப்பியது தன் மகன் எழுதிய சொற்பொழிவு நூலின் இரண்டு தொகுதிகள். வழியில் பொட்டலம் பிந்திவிட்டது, கடிதம் முந்திவிட்டது. ஜெஃபர்சன் அதை உண்மையான துணி என்றே நம்பி, வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நூற்பதும் நெய்வதும் எப்படி நடக்கிறது என்று 21-ஆம் தேதி விரிவாக எழுதி அனுப்பிவிட்டார். பொட்டலம் வந்ததும், என் யூகம் இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்திருந்தால் நெசவைப் பற்றிய அந்த நீண்ட உரையிலிருந்து நீங்கள் தப்பியிருப்பீர்கள் என்று இன்னொரு கடிதம். அப்படித் தொடங்கியது 1826 வரை ஓடியது; இருவரும் இறந்தது அந்த ஆண்டின் ஜூலை 4 அன்று, ஒரே நாளில்.

சண்டை பிடிக்குமென்றால் 1804. பாலி இறந்த செய்தி கேட்டு, மனம் பொறுக்காமல் அபிகெயில் மே 20 அன்று, அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சனுக்கு எழுதுகிறார். ஆறுதலில் தொடங்கி, ஏழு கடிதங்களுக்குள் பழைய கணக்குகள் அத்தனையும் வெளியே வந்துவிடுகின்றன. கணவரைத் தூற்றிய பத்திரிகையாளரை விடுவித்தது, மகனின் பதவியைப் பறித்தது என்று அபிகெயில் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஜானுக்கு இது எதுவும் தெரியாது. நவம்பரில் மனைவி காட்டியபோது எல்லாவற்றையும் படித்துவிட்டு, இந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் எனக்குத் தெரியாமல் நடந்தது, இப்போது இந்த இடத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்று கீழே குறிப்பு எழுதி வைத்தார். கணவன்மார் எழுதிய குறிப்புகளில் இதற்கு ஈடு நான் பார்த்ததில்லை.

ஃபிராங்க்ளின், கழுகு ஒழுக்கம் கெட்ட பறவை, அதைவிட வான்கோழி மேல் என்று மகளுக்கு எழுதிய 1784 ஜனவரிக் கடிதம் வேடிக்கையானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற மகன் வில்லியத்துக்கு எழுதியது வேடிக்கையானதல்ல. மேடிசன் எனக்கு ஒட்டவில்லை. சட்டம் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். பிடித்து வைத்த அரையில் கால், படங்கள் இல்லாததற்கு. மீதிக் கால், கடிதங்களைப் பெற்ற தேதிப்படி அடுக்கிக் காட்டும் வசதி இல்லாததற்கு. இது நடக்காத காரியம் அல்ல. ஜெஃபர்சன் தனக்கு வந்த கடிதங்களில் வந்து சேர்ந்த தேதியைக் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்; 1783 முதல் சாகும்வரை, அனுப்பியது வந்தது எல்லாவற்றுக்கும் 656 பக்கப் பதிவேடு ஒன்றும் வைத்திருந்தார். அவர் ஒருவருடைய கடிதங்களுக்காவது அந்த வசதியைச் செய்து கொடுத்தால் கால் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதுவரை ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதில் எழுதியவருக்கு அன்றைக்கு என்ன தெரியும் என்று நீங்களே குறித்துக்கொண்டு படியுங்கள்.